அத்தை கரிசலில் போட்ட கிழங்கு

கூடையில் முளைவிட்டுக் கிடக்கும் உருளைக்கிழங்கைத் தூக்கிப்போட மனம் வராமல், முளையைக் கிள்ளி எறிந்துவிட்டுக் குழம்பில் போடுகிற ஆட்கள் நம் வயதில் நிறையப் பேர் இருக்கிறோம். பிள்ளைகள் பார்த்தால் சத்தம் போடுகிறார்கள். பச்சை நிறம் ஏறிய கிழங்கைச் சாப்பிடக் கூடாதாம், கைப்பேசியில் போட்டிருக்கிறதாம். எனக்கு அது பத்து வயதிலேயே தெரியும். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற நம் பக்கத்தில் உருளைக்கிழங்கு என்பது கடைச் சாக்கிலிருந்து எடுத்து நிறுத்துப் போடுகிற பொருள். அது மண்ணுக்குள் விளைகிறதா, கொடியில் காய்க்கிறதா என்று எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், அப்பாவின் தங்கை கொடைக்கானல் மலையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அவளை மலையில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. மாமாவின் குடும்பமும் நம் பக்கத்து ஆட்கள்தான். மலைக்கு மளிகைக் கடை வைக்கப் போனவர்கள், பிறகு நிலம் பிடித்துக் கிழங்கும் போட ஆரம்பித்தார்கள். அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமாவுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் கிளம்பி வந்துவிட்டாள். மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே முழுக்க முளைவிட்ட விதைக் கிழங்கு. காதில் கிடந்த கம்மலைத் தவிர உடம்பில் பொட்டுத் தங்கம் இல்லை.

"நகையெல்லாம் அங்கனயே விட்டுப்போட்டுக் கெழங்கைத் தூக்கிட்டு வந்திருக்காளே, இவளை என்ன சொல்ல?" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"நகை அவிய பூட்டி வச்சிருக்காவ மதினி. இது நான் போட்டு நான் எடுத்த கெழங்கு" என்றாள் அத்தை.

"பூட்டுன நகையில நாம போட்டதும் இருக்குல்லா?" என்றாள் அம்மா. அத்தை சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினாள்.

அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. அதுபோகப் பசுவந்தனைப் பக்கம் கொஞ்சம் பருத்திக் காடு இருந்தது, மழை பெய்தால் விளையும். வீடு ஊரின் ஓரத்தில். பின்னால் நாலைந்து முருங்கையும் கொஞ்சம் வெறும் நிலமும் கிடந்தன. அப்பா நல்லவர், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர். கட்டிக் கொடுத்த பெண் வீட்டோடு வந்து இருப்பது அவரை அரித்தது. பேசிச் சமாதானம் பண்ணித் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பதே அவர் நினைப்பு.

அத்தை முந்திக்கொண்டாள். "அண்ணே, பொறவாசல்ல இந்தக் கெழங்கைப் போட்டுப் பாக்கேன். வெளஞ்சா நம்ம காட்டுல எனக்கு ஒரு ஓரம் குடு. பாடுபட்டு இங்கனயே இருந்துக்கிடுதேன். வெளையலன்னா நீ சொன்னபடி மலைக்குப் போயிருதேன்."

"சரி. கெழங்கு எடுக்க வரைக்கும் இரு" என்றார் அப்பா. அவ்வளவு சுலபமாக அவர் ஒத்துக்கொண்டதில் அத்தைக்கே ஆச்சரியம். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார்: "கரிசல்ல கெழங்கா வெளையும்? மாசியில தன்னால போயிருவா." அவருக்குக் கரிசலைத் தெரியும்.

இன்னொரு காரியமும் அன்று நடந்தது. பரணில் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்து ஒரு பாட்டில் இருந்தது. அதை அப்பா மஞ்சப்பையில் போட்டு வெளியே கொண்டுபோய் யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி போடுகிற ஊரில் வீட்டுக்கு வீடு மருந்து உண்டு, வீட்டில் சண்டை வந்தால் பெண்ணின் கண் எங்கே போகிறது என்று பார்க்கிற வழக்கமும் உண்டு. பக்கத்துத் தெருவில் அந்த வருடம்தான் ஒரு பெண் போய்ச் சேர்ந்திருந்தாள். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்தா அத்தை பக்கத்துலயே இரு. எங்க போனாலும் கூடப் போ" என்றாள். பேச்சுத் துணைக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் கிழங்குச் செடியைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிய வந்தது.

முதல் வில்லங்கம் மழை. ஐப்பசிக் கடைசியில் அத்தை கிழங்கை முளை பார்த்து இரண்டாக மூன்றாக வெட்டி, வெட்டிய வாயில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்து ஊன்றினாள். மறுநாளிலிருந்து விடாமல் கொட்டித் தீர்த்தது. கரிசல் மண் மழையில் என்ன பாடு படுத்தும் என்று தெரியும்தானே, நடந்தால் காலில் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு முளைக்கும். தண்ணீர் வடியாமல் நின்று, ஊன்றியதில் பாதி அழுகிவிட்டது. அந்த நாற்றம் அடுக்களை வரைக்கும் வந்தது. அத்தை அழுகியதைத் தோண்டி எடுத்து எறிந்துவிட்டு, மூட்டையில் மிச்சம் வைத்திருந்ததை, கார்த்திகை பிறந்த பிறகு, மேடு கட்டி அதன் மேல் ஊன்றினாள். மொத்தத்தையும் ஒரேயடியாக அவள் போடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் முகம் கொஞ்சம் மாறியது.

முளைத்து வந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. கரும்பச்சை இலை, தக்காளிச் செடிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. ஒருநாள் காலையில் பார்த்தால், நன்றாக நின்ற செடி தரையோடு தரையாக வெட்டிச் சாய்த்தது போல் கிடந்தது. ஆடு என்றாள் அம்மா. அத்தை செடியின் தூரில் விரலால் கிளறினாள். சாம்பல் நிறத்தில் கொழுத்த புழு ஒன்று வளையம் போல் சுருண்டு படுத்திருந்தது. ராத்திரி வெளியே வந்து தண்டைக் கடிக்கும், பகலில் மண்ணுக்குள் தூங்கும். ஆட்களில்கூட இந்த ரகம் உண்டு. அன்றிலிருந்து விடிந்ததும் புழுப் பொறுக்குவது எங்கள் வேலை. அத்தை தோண்டுவாள், நான் மண்ணெண்ணெய் விட்ட பால்பவுடர் டின்னை நீட்டுவேன். அந்த டின்னின் மூடியில் ஒரு கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதைப் பின்னால் யாரோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்கள்.

பிறகு பேன் விழுந்தது. இலையின் அடியில் பச்சையாகப் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சிக்கு நம் பக்கத்தில் பேன் என்றுதான் பெயர். அதைத் தொடர்ந்து எறும்பு. இலையெல்லாம் சுருண்டு பிசுபிசுத்தது. அத்தை துணி துவைக்கிற சோப்பைச் சீவித் தண்ணீரில் கரைத்து, இலையைத் திருப்பித் திருப்பித் தெளித்தாள். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. தெருவில் குடங்கள் வரிசையில் காத்துக் கிடக்க, இவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? அதனால் அத்தை தன் குளியலைத் தகரத் தொட்டிக்குள் நின்றே முடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு மொண்டு ஊற்றினாள். அரிசி கழுவியது, பாத்திரம் கழுவியது எல்லாம் அங்கேதான் போனது. அம்மா முதலில் முணுமுணுத்தாள். பிறகு அவளே கழுநீரை எடுத்துத் தனியாக வைக்க ஆரம்பித்தாள்.

மார்கழியில் மழை நின்றது. மழை நின்றால் கரிசல் வெடிக்கும். கால் பெருவிரல் உள்ளே போகும் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். நம்மில் யாராவது அதை மூடியிருக்கிறோமா? பருத்திக் காட்டில் வெடிப்பை மூடிக்கொண்டிருப்பவனைப் பார்த்தால் கிறுக்கு என்று சொல்ல மாட்டோமா? அத்தை மூடினாள். விடிந்ததும் ஒருமுறை, வெயில் தாழ ஒருமுறை, மேட்டின் மேல் குனிந்து உட்கார்ந்து மண்ணை அணைத்து, உள்ளங்கையால் மெல்லத் தட்டித் தட்டி வெடிப்பை அடைத்துக்கொண்டே போவாள். மறுநாள் பக்கத்தில் இன்னொன்று வெடித்திருக்கும். அதையும் தட்டுவாள்.

எதற்கு என்று நான் கேட்டேன். "வெடிப்பு வழியா வெளிச்சம் போனா கெழங்கு பச்சையாப் போயிரும் தாயி, திங்க ஆகாது. அந்துப்பூச்சியும் அதுவழியா எறங்கிப் போயிக் கெழங்குல முட்டை வச்சிரும்" என்றாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வீட்டில் வேறு யாரும் அவளிடம் கேட்கவில்லை. மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் அம்மாவிடம் முதலில் ஆரம்பித்தாள்.

"பாத்தியா, மண்ணைத் தட்டுத தட்டை? பிள்ளையைத் தூங்க வைக்க மாதிரில்லா இருக்கு. பிள்ளை இல்லாத ஏக்கம் தலைக்கு ஏறிட்டுட்டி. சூதானமா இருந்துக்கோ."

அம்மா அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். அப்பா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். தெருவில் பெண்கள் அத்தையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். அத்தையோ எதையும் கவனிக்காமல் நகக்கண்ணில் கரிசல் மண்ணோடு வெடிப்புத் தேடி நடந்தாள். நான் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நம் காலத்தில் பத்து வயதுப் பிள்ளை சொல்லி எந்த வீட்டில் எது நடந்தது?

தை பிறந்த சமயம், சாயங்காலம் செடியைத் தொட்டால் சாம்பல் நிறப் பூச்சிகள் பொடி பறப்பது போல் கிளம்பின. அத்தை ஒரு தூரைக் கிளறிக் கிழங்கு ஒன்றை எடுத்தாள். எலுமிச்சை அளவுதான். தோலில் ஊசி குத்தியது போல் ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாகப் புழுவின் எச்சம். அந்தக் கிழங்கை அவள் மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்து நேராக உள்ளே போனாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்கு மருந்து வேணும். சின்ன பாட்டில் போதும்."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. ரசம் ஊற்றக் குனிந்த அம்மா அப்படியே குனிந்திருந்தாள்.

"எதுக்கு?" என்றார் அப்பா.

"கெழங்குக்குத்தான். வேற எதுக்கு?"

"வேப்பங்கொட்டையை ஊற வச்சுத் தெளி."

"தெளிச்சாச்சு. கேக்க மாட்டேங்குது."

"பாப்போம்" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் என்னைச் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். கண்ணாடிக் கூண்டு, உள்ளே சின்ன மின்விசிறி, தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அந்த எண்களைப் பார்ப்பதற்காகவே அங்கே போகப் பிடிக்கும். அப்பா மாமாவின் கடைக்குப் போன் போட்டார். "மாப்ள, இவ மருந்து கேக்கா. எனக்குப் பயமா இருக்கு. முன்ன நடந்ததெல்லாம் மறந்திருங்க. நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். போனை வைத்த பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

மாமா வருகிற வரைக்கும் வீடு வீடாக இல்லை. மண்ணெண்ணெய்க் கேன் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டது. முருங்கையில் கட்டியிருந்த ஊஞ்சல் கயிறு காணாமல் போனது, அதில் எனக்குத்தான் நஷ்டம். அம்மா அரிவாள்மனையையும் ஒளித்துவிட்டு, காயைத் தட்டில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் நறுக்கி வந்தாள்.

"அருவாமனை எங்க மதினி?" என்று அத்தை தேடினாள்.

"சாணை பிடிக்கக் குடுத்திருக்கு" என்றாள் அம்மா, முகத்தைப் பார்க்காமல்.

மாமா ஒரு மத்தியானம் வந்தார். கையில் மலைப்பூண்டும் கேரட்டும் நிறைந்த பை. வெள்ளைச் சட்டை, மெல்லிய பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார். அத்தை அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரை வரவழைத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. அப்பா எல்லாவற்றையும் சொன்னார். மண்ணைத் தட்டுவதையும் சொன்னார், மருந்து கேட்டதையும் சொன்னார். மாமா, "செடியைப் பாக்கலாமா மச்சான்?" என்றார்.

எல்லோரும் பின்னால் போனோம். மதில்மேல் பெரியம்மாவும் ஆஜர். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார், மேட்டைத் தடவினார், ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தார்.

"அந்து விழுந்திருக்கு மச்சான். வெடிப்பெல்லாம் முறையாத்தான் மூடியிருக்கா. ஆனா இந்த மண்ணுல எம்புட்டுத்தான் மூடுவா? இனி மருந்து அடிக்காம அடங்காது. அதுக்குத்தான் கேட்டிருப்பா."

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அத்தனை நாள் பயமும் அந்தச் சிரிப்பில் கொட்டியது. அப்பா முருங்கை மரத்தில் சாய்ந்துகொண்டார். எனக்கு மாமாவை ரொம்பப் பிடித்துப் போனது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் புரியாததை ஒரு நொடியில் புரிந்துகொண்ட மனிதர் அல்லவா?

மாமா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "காட்டுல நாலு ஆள் கெடக்கானுவ. ஒருத்தனுக்கும் இவ கை வராது. அடுத்த வெதைப்புக்கு இவ இல்லாம முடியாது மச்சான். அந்தப் பொண்ணு பாட்டுக்கு வீட்டுல இருந்துக்கிடும். இவளுக்குக் காட்டுக்குள்ளயே ஒரு வீடு கட்டித் தாரேன். யார் தொந்தரவும் இல்லாம நிம்மதியா இருக்கலாம்."

அந்தப் பொண்ணு என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். கல்யாணப் பேச்சு முடிந்து, நாளும் குறித்தாயிற்று போலிருக்கிறது. அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பா மரத்தை விட்டு நிமிர்ந்தார். அப்புறம் அத்தையிடம் போய் அவள் தலையில் கை வைத்தார்.

"போயிரு தாயி. எப்படியோ நீ உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

அத்தை அவர் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"நான் மருந்தைக் குடிச்சிருவேன்னா அண்ணே இவரைக் கூப்பிட்ட? அந்த வீட்டுல ஒரு ரூம்பு நெறைய மருந்து இருக்கு. அதுக்குச் சாவி எங்கிட்டதான் கெடக்கும். சாகணும்னா அங்கனயே செத்திருப்பேன். மூட்டையைத் தூக்கிக்கிட்டு பஸ் மாறி பஸ் மாறி இம்புட்டுத் தூரம் வந்தது சாகவா?"

பெரியம்மாவின் தலை மதிலுக்குக் கீழே போய்விட்டது. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமாவுக்கு மறுபடி மோர் கொடுத்தார்கள். அத்தையின் துணியை எடுத்து வைக்கலாமா வேண்டாமா என்று அம்மா உள்ளுக்கும் வெளிக்கும் நடந்தாள். அத்தை மேட்டருகே போய் உட்கார்ந்து, காலையிலிருந்து வெடித்திருந்ததை மூட ஆரம்பித்தாள். அப்பா சீக்கிரமே திரும்பி வந்தார். கையில் உரக்கடைப் பொட்டலம். அதைப் பிரித்துப் பாட்டிலை எடுத்து, மாமாவின் கண் முன்னால், அத்தையின் மண் பிடித்த கையில் வைத்தார்.

"கெழங்குக்குன்னு கேட்டேன். கடைக்காரருக்கே சந்தேகம். இது ஆகுமான்னு நீயே பாரு."

அத்தை பாட்டிலைத் திருப்பி எழுத்தைப் படித்தாள். "ஆகும்ணே" என்றாள்.

மாமா மதுரைக்கு பஸ் எப்போது என்று கேட்டார். அப்பா மரியாதை குறையாமல் அவரை பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் விட்டு, ஜன்னல் வழியாக ஒரு கடலைமிட்டாய்ப் பாக்கெட்டும் கொடுத்துவிட்டு வந்தார். நகை அதற்கப்புறமும் வரவில்லை. மறுநாள் அத்தை முந்தானையை மூக்கோடு சுற்றிக் கட்டிக்கொண்டு, இரவல் வாங்கிய கைப்பம்பால் மருந்தடித்தாள். அவள் அடித்து முடித்துப் பாட்டிலை மூடுகிற வரைக்கும் அம்மா பின்வாசலில் நின்றுகொண்டேதான் இருந்தாள். நம்பிக்கை வந்துவிட்டது, பயம் போகவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது நமக்கெல்லாம் இப்போது தெரிகிறது.

மாசியில் கிழங்கு எடுத்தோம். கரிசல் இறுகிப் போயிருந்ததால் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்ததில் பாதி வெட்டுப்பட்டது. மீதியில் முக்கால்வாசி பச்சை, இல்லாவிட்டால் ஓட்டை. அத்தை திங்க ஆகாததை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நல்லதை அரிசி புடைக்கிற சொளகில் போட்டுக்கொண்டு வந்தாள். சொளகு நிறையவில்லை. ஒரு வேளைப் பொரியலுக்குக் காணும், அவ்வளவுதான். அவள் அதை அப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவிடம் கொடுத்த வாக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டுத்தான் அவள் அன்று மண்ணில் இறங்கியிருந்தாள் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

அப்பா சொளகிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, ஒட்டியிருந்த கரிசல் மண்ணைக் கட்டைவிரலால் உதிர்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மண்ணு இறுக்கம் ஜாஸ்தி தாயி. அடுத்த வருசம் ஒரு வண்டி செம்மண் அடிச்சுக் கலந்து பாப்போம்" என்றார்.

அத்தை அங்கேயே உட்கார்ந்து, ஐப்பசியில் வந்ததிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள்.